இலக்கியனின் இடது செருப்பு

அன்புள்ள கலா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். மார்ச்சில் நீ எழுதியதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உன் திட்டையெல்லாம் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். செப்டம்பர் விடுமுறையில் நீயும் பிள்ளைகளைக் கயாக் துடுப்புப் படகில் உபின் தீவுக்குக் கூட்டிப்போகிறாயாம், ஜமுனா சொன்னாள். அதைக் கேட்ட பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காலணி வாங்கும் முன் இதைப் படித்துவிடு.

நாங்கள் ஜூனில் போனோம். சாங்கியில் பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகில் ஏறி, உபினின் ஜெலுத்தோங் கரையில் கூடாரம் போட்டோம். மூன்று பேர் உட்காரும் கயாக்கில் இலக்கியன் நடுவில். பயிற்றுவிப்பாளர் முன்னே வழிகாட்டிக்கொண்டு போனார். சுங்கை ஜெலுத்தோங் ஆற்றுக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் அலையாத்திக் காடு, வேர்மேல் படுத்திருந்த ஒரு பெரிய உடும்பு. வீட்டில் ஒரு நிமிடம் வாய் மூடாத பையன் அரைமணி நேரம் பேசவே இல்லை. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கலா.

திரும்பி வரும்போது நீர் வற்றிவிட்டது. முழுநிலவை ஒட்டிய நாள். அப்படிப்பட்ட நாள்களில் இங்கே கடல் இரண்டரை மீட்டருக்கும் மேல் இறங்கும். காலையில் கயாக்கைத் தள்ளிவிட்ட இடம் முழுக்கச் சேறு. சரி, நாற்பது ஐம்பது அடிதானே, நடந்துவிடலாம் என்று இறங்கினோம். மூன்றாவது அடியிலேயே இலக்கியனின் இடது செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது, கால் மட்டும் வெளியே வந்தது. அவன் நிற்கவில்லை. அடுத்த அடியை ஒரு பாறைமேல் வைத்தான். பாறை முழுக்கச் சிப்பி. சிப்பி ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி என்று நமக்குத் தெரியும், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா? உள்ளங்காலில் நீளமாகக் கிழித்துவிட்டது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றிக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டி, அடுத்த பம்போட்டில் திரும்பினோம். கிளினிக்கில் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று விசாரித்தார்கள். கடல்நீரில் பட்ட காயம் சீக்கிரம் சீழ் வைக்கும், தினமும் பாருங்கள் என்றார்கள். இப்போது ஆறிவிட்டது, ஓடுகிறான். அந்த இடத்தில் சிப்பிக்குப் பதில் கல்மீன் கிடந்திருந்தால் என்ற நினைப்புதான் இன்னும் என்னை விடவில்லை. நம் சிங்கப்பூர்க் கரையோரங்களில் அது உண்டு. முதுகில் 13 முட்கள், ஒவ்வொன்றிலும் நஞ்சு. கல்லோடு கல்லாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. குத்திவிட்டால் காலைப் பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், சூட்டில் அந்த நஞ்சு முறியும். அதனால் ஃபிளாஸ்கில் வெந்நீர் இல்லாமல் கிளம்பாதே. ஆறவைத்து ஊற்று, பிஞ்சுத் தோல் வெந்துவிடும்.

செருப்பு ஏன் கழன்றது தெரியுமா? ஒரு சைஸ் பெரிது. "வளர்ற பிள்ளை, பெரிசா எடு" என்று அம்மா சொன்னார், கடைக்காரரும் தலையாட்டினார், நானும் எடுத்தேன். நம் தீபாவளிச் செருப்புகள் எல்லாம் அப்படித்தானே, முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தோம். தேக்கா கடைத்தெருவில் நடக்க அது போதும், சேற்றுக்கு ஆகாது. கலா, இந்தப் பயணத்துக்கு எடுக்கிற காலணி இன்றைய காலுக்குச் சரியாக இருக்க வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் போதும். டிசம்பரில் சின்னதாகிவிடுமா? ஆகட்டும். யாருக்காவது கொடுத்துவிடலாம்.

அதன் பிறகு நான் கடை கடையாக ஏறி இறங்கினேன், என் வீட்டுக்காரர் சலித்தே போய்விட்டார். சிலிப்பர் வேண்டவே வேண்டாம். ஓட்டை போட்ட ரப்பர் காலணி இலேசாக இருக்கும், மிதக்கும், ஆனால் சேறு அதைத்தான் முதலில் உருவும். உயரமான மழை பூட்ஸ் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். கயாக் கவிழ்ந்தால் அதற்குள் தண்ணீர் நிரம்பிக் கால் கனத்துவிடும், பிள்ளைக்கு அது ஆபத்து. முக்குளிப்பவர்கள் போடும் நியோபிரீன் ரப்பர் காலணி நன்றாகக் கவ்வும், ஆனால் பல ஜோடிகளில் அடிப்பாகம் மெல்லிசு. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டுவைத்த மாதிரி சேற்றில் நிற்குமே, அது உள்ளங்காலில் உறைக்கும். கையால் வளைத்துப் பார், சுலபமாக மடிந்தால் வேண்டாம்.

கடைசியில் எடுத்தது, விரல்களை மூடிய, குதிகாலுக்குப் பின்னால் பட்டை வைத்த சாண்டல். அடிப்பாகம் கெட்டி, பக்கத்தில் தண்ணீர் வெளியேற வழி. குட்டிக் கல் உள்ளே போகும், நிறுத்தித் தட்டிவிட வேண்டியதுதான். வெல்க்ரோவில் மண் ஏறினால் பிடிக்காது, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று பையில் இருக்கட்டும். புதிதாக வாங்க வேண்டாம் என்றால் பெரியவளின் பழைய வெள்ளைப் பள்ளிக் காலணிகூடப் போதும், கால் பொருந்தினால். கயிறு வைத்ததென்றால் நுனியை உள்ளே செருகிவிடு, கயாக்கில் எதிலாவது மாட்டிக்கொள்ளக் கூடாது.

வாங்கியதும் அப்படியே கிளம்பிவிடாதே. குளியலறையில் நனைத்துப் போட்டு நடக்கவிடு. குதிகாலைப் பிடித்து நீயே இழுத்துப் பார், கழன்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோ. அப்புறம் கரையில் மாற்ற இன்னொரு ஜோடி, உலர்ந்த காலுறை. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும், ராத்திரி கால் காய வேண்டும். காலுறை போட்டால் மணல் ஈயும் கொஞ்சம் விட்டுவைக்கும்.

இத்தனையும் படித்துவிட்டுப் பயணமே வேண்டாம் என்று மட்டும் நினைக்காதே. இலக்கியன் மறுபடி எப்போது போவோம் என்று தினமும் கேட்கிறான்.

இரண்டு பிள்ளைகளையும் தாள்மேல் நிற்கவைத்துப் பாதத்தை வரைந்து அனுப்பு. சாயங்காலத்தில் வரைந்து எடு, காலை நேரத்தைவிட அப்போது கால் கொஞ்சம் பெருத்திருக்கும். சனிக்கிழமை நானும் கடைக்குத்தான் போகிறேன், உனக்கும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
செல்வி