கடைசி ஆளுக்கும் தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊருக்கு ஊர் மாரத்தான் பெருகி வருவது பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. யார் எத்தனை நிமிடத்தில் ஓடினார், என்ன ஷூ போட்டார், கையில் என்ன வாட்ச் கட்டியிருந்தார் என்பதெல்லாம் இருந்தது. ஓட்டம் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆன பிறகும் ரோட்டில் இருக்கிறவர்களைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

சேலத்தில் நாங்கள் ஐந்து பேர். ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் மின்வாரியம், இரண்டு பேர் ஆசிரியர்கள், அதில் நான் ஒருவன். ஐந்தாவது ஆள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். வயது 58. நாற்பது வருடமாகத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தே வேலை பார்த்தவர். சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் நடந்தார், அப்புறம் ஓடினார், அப்புறம் மகனுடைய பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தார்.

சனிக்கிழமை சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். விடியுமுன் கோரிமேட்டில் கூடி ஏற்காடு அடிவாரம் போவோம். மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். அண்ணன் முதல் நான்கு மாதம் எட்டாவது வளைவோடு திரும்பிவிடுவார். அங்கே கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் குரங்குகளுக்குக் காவல் இருக்கேன்" என்பார். உண்மையில் குரங்குகள்தான் அவருடைய வாழைப்பழத்துக்குக் காவல் இருந்தன. ஐந்தாவது மாதம் ஒருநாள் அந்த எட்டாவது வளைவில் அவர் இறங்கவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் இறங்கிவிடுவாரோ என்று பயம். ஏரிக்கரைக்கு வந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கை நடுக்கத்தில் கிளாஸிலிருந்து பாதி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அன்று எல்லோருக்கும் அவர்தான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

நீண்ட தூரம் போக வேண்டும் என்றால் ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர். போய் வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆடி மாதத்தில் எதிர்க்காற்று ஆளையே தள்ளும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு மிதி லேசாகிவிடும். ஆகவே முறை வைத்து முன்னே போவோம். அணைக்குப் பக்கத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவோம். போவது பயிற்சிக்கா மீனுக்கா என்று வீட்டில் கேட்கிறார்கள். சரி, அதற்கு இங்கே பதில் தேவையில்லை.

எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கடைசியில் வருகிறவர் தனியாக வரக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் அவரோடு இருப்பார். அதற்கு எங்கள் பேச்சில் 'வால்' என்று பெயர். "இந்த வாரம் வால் யாரு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் வேறு அர்த்தம் வேண்டாம். வால் ஆள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கூட வருகிறவருக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்கிறது என்றால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் குறைக்க வேண்டும். அண்ணன் வெள்ளி விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினால் நாங்கள் நடக்க ஆரம்பித்துவிடுவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தோம். 21.1 கிலோமீட்டர். அதற்கென்றே பதினாறு வாரம் பயிற்சி செய்தோம். அழைப்பிதழில் 'மூன்றரை மணி நேரம் வரை ஓடலாம்' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும் என்று பயிற்சியிலேயே தெரியும், அதனால்தான் துணிந்து பணம் கட்டினார். அந்த முறை வால் நான்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். 12-வது கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். 14-வதில் தண்ணீர்க் கேன் காலி. 17-வது கிலோமீட்டருக்கு வந்தபோது மணி எட்டு ஐந்து. எங்கள் கணக்கில் இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் பாக்கி இருக்கிறது. அங்கே மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இருபது லிட்டர் கேனைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்த பையன் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே, எல்லாரும் போயிட்டாங்க, எடுத்து வைங்கன்னு சொன்னாங்கண்ணே" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் கோபம் வரவில்லை. கேனின் அடியில் இருந்ததை ஒரு பேப்பர் கப்பில் வடித்துக் கொடுத்தான். அரைக் கப்தான் தேறியது.

அதற்குள் போக்குவரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கி மண்ணில் ஓடினோம். சுள்ளென்று வெயில். அண்ணன் வெள்ளி விலையைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். வழியில் ஓர் இட்லிக்கடை. எங்கள் மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "ஏம்ப்பா, ஓட்டம் முடிஞ்சு போச்சே, நீங்க இன்னும் எங்க ஓடுறீங்க?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சொம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் உப்பும் கொண்டுவந்து வைத்தார். உப்பு யார் சொல்லி வந்தது என்று தெரியவில்லை. காசு வாங்கவில்லை.

மூன்று மணி இருபது நிமிடத்தில் முடித்தோம். பத்து நிமிடம் மிச்சம் இருந்தும், முடிவுக்கோட்டில் காற்றடைத்து நிறுத்தியிருந்த அலங்கார வளைவின் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள், அது ரோட்டில் சுருண்டு கிடந்தது. மெடல் தீர்ந்துவிட்டதாம், கூரியரில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. அது போகட்டும், மெடல் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் அப்படியில்லை.

வேகமாக ஓடுகிறவர் ஏழரை மணிக்கெல்லாம் முடித்துவிட்டு நிழலில் நிற்கிறார். மெதுவாக ஓடுகிறவர்தான் அதிக நேரம் ஓடுகிறார், அதிகமாக வெயிலும் படுகிறார். ஆக, தண்ணீர் மிகவும் தேவைப்படுகிற ஆளுக்குத்தான் தண்ணீர் இல்லாமல் போகிறது. வெறும் தண்ணீரும் போதாது என்பார் மருந்துக்கடை நண்பர். வியர்வையில் உப்பு போகும்போது மடமடவென்று தண்ணீரை மட்டும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், தலைசுற்றலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடம் இது அதிகம். எங்களைப் போன்றவர்களிடம் என்று படியுங்கள். அதனால் இப்போது நாங்கள் இடுப்புப் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்துக்கொள்கிறோம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொலுசு அண்ணன் மட்டும் சர்க்கரையைக் கண்டதும் டாக்டரை நினைத்துக்கொண்டு உப்பு மோருக்குப் போய்விடுகிறார்.

இதெல்லாம் முடியாத காரியம் இல்லை. நெடுந்தூர சைக்கிள்காரர்கள் பி.ஆர்.எம். என்று ஒன்று ஓட்டுகிறார்கள், கெடு நேரத்துக்குள் முடித்தால் போதும் என்கிற சவாரி. பாரிஸில் உள்ள ஒரு கிளப் வகுத்த விதிகள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. வழியில் வருகையைப் பதிகிற ஒவ்வொரு இடமும், அவர்கள் பேச்சில் கன்ட்ரோல், எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள், சொன்ன நேரத்துக்கு முன் மூடுவதில்லை. மருந்துக்கடை நண்பர் சென்ற ஆண்டு 200-ஐப் பதின்மூன்று மணி ஐந்து நிமிடத்தில் முடித்தார். கடைசிக் கன்ட்ரோலில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர் பிளாஸ்கில் காபியோடு காத்திருந்தாராம். தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம், ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இப்போது பன்னிரண்டு மணி நேரக் கெடு. ஜெயித்தவர் ஓடி முடித்துப் பல மணி நேரம் கழிந்த பிறகும், அந்தக் கடைசி நிமிடத்தில் யார் உள்ளே வருகிறார் என்று பார்க்கக் கூட்டம் காத்துக்கொண்டிருக்கும்.

நம்மூர் ஏற்பாட்டாளர்களின் சிரமமும் புரிகிறது. ரோட்டை எத்தனை மணி வரை அடைத்துத் தருவது என்பது போலீஸ் கையில். தன்னார்வலர்கள் கல்லூரிப் பிள்ளைகள், பசி வந்துவிடும். அப்படியானால் இரண்டரை மணி நேரம்தான் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். நாங்கள் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகிறோம். மூன்றரை என்று போட்டால் மூன்றரை வரை மேசை இருக்கட்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பைக், அதில் ஒரு கேன் தண்ணீர், கொஞ்சம் உப்பு. அந்தப் பைக் தாண்டிய பிறகுதான் மேசையை மடக்க வேண்டும். இதற்கு ஸ்பான்சர் பிடிக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை மாரத்தான் செய்தி போடும்போது, முதலில் வந்தவரின் நேரத்தோடு கடைசியாக வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார், அப்போது மேசையில் தண்ணீர் இருந்ததா என்று நிருபரைக் கேட்டு ஒரு வரி சேருங்கள். அதற்கு அவர் பரிசளிப்பு முடிந்ததும் கிளம்பாமல் இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். மோர் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்.