தண்ணீரும் அடைத்தால் அது கேஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நெஞ்செரிச்சல் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் ஒன்று விட்டுப்போச்சு: சாப்பாடு நெஞ்சில் அடைப்பதெல்லாம் கேஸ் இல்லை, உணவுக்குழாயின் நோயாகவும் இருக்கலாம். எங்கள் பக்கம் சோறு நெஞ்சில் நின்றால் முதலில் தொக்கம் எடுக்க, அதாவது சிக்கியதை எடுத்துவிடும் நாட்டு வைத்தியத்துக்குப் போவோம், அப்புறம் கேஸ் மாத்திரை. அம்மாவுக்கு இரண்டு வருஷம் இதுதான் வைத்தியம்.

மறுவீட்டுப் பந்தியில் சொதியும் சோறும் நாலு வாய் வைப்பாள், எழுந்து கொல்லைப் பக்கம் போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரைக் குடிப்பாள், அந்தத் தண்ணீரும் சில நாள் திரும்பி வரும். மருமகள் வந்த ஏக்கம் என்றார்கள் சொந்தக்காரர்கள். ராத்திரி தின்ற தயிர்சாதம் காலையில் தலையணையில் முழுப் பருக்கையாகக் கிடக்கும், புளித்த வாடையே இருக்காது. வயிற்றுக்குப் போய்த் திரும்பியிருந்தால் புளிக்காதா? இதை டாக்டரிடமும் சொன்னோம், மாத்திரையின் பவரைக் கூட்டினார். வாய் வழியே கேமரா டியூப் விட்டுப் பார்த்த எண்டோஸ்கோபியிலும் நார்மல் என்றே வந்தது.

கடைசியில் மதுரையில் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே வீங்கி, அடியில் குருவி மூக்கு மாதிரி கூம்பியிருந்தது. மூக்கு வழியே மெல்லிய டியூப் விட்டு அழுத்தம் பார்க்கும் மானோமெட்ரியில் உறுதியானது: அகலேசியா. உணவுக்குழாயின் தசை அலை அலையாகச் சுருங்கித்தான் சாப்பாட்டைத் தள்ளுகிறது, அடியில் உள்ள வால்வு அந்த நேரம் இளக வேண்டும். இதற்கான நரம்பு செல்கள் அழிந்துபோனால் அலையும் இல்லை, வால்வும் திறக்காது. வருஷத்துக்கு லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் வருகிற நோய், டாக்டருக்குச் சட்டென்று தோன்றாததில் கோபமில்லை. சொன்னதைக் காதில் வாங்காததில்தான் கோபம்.

முதலில் தோசை மட்டும் அடைத்து, போகப்போகக் கஞ்சியும் அடைத்தால் உணவுக்குழாயில் கட்டி வளர்ந்திருக்கலாம், நாள் கடத்தக் கூடாது. ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒன்றுபோல அடைத்தால் தசையின் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டு வரியை அடுத்த வாரமாவது கட்டம் கட்டிப் போடுங்கள்.

அந்த வால்வுத் தசையை வெட்டிவிடும் ஆபரேஷனை 1913-லேயே ஹெல்லர் என்ற ஜெர்மன் சர்ஜன் செய்துவிட்டார். இப்போது வாய் வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு வெட்டுகிறார்கள், 2008-ல் ஜப்பானில் தொடங்கிய முறை. அம்மாவுக்கும் அப்படித்தான். இப்போது சொதி இறங்குகிறது. வால்வு தளர்ந்ததால் அமிலம் மேலே வருகிறது என்று அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இந்தத் தடவை நிஜமாகவே தேவைப்பட்டு.

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்