குண்டு வெடித்த இடத்தில் கூட்டம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. வெடித்த இடத்தில் நின்று வீடியோ எடுப்பது உயிரோடு விளையாடுவது. உடனே விலகி 112-ஐ அழையுங்கள்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்த காயம்பட்டவருக்கு ரத்தப்போக்குதான் முதல் எதிரி. மடித்த துணியைக் காயத்தில் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். கை, காலில் அழுத்தியும் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலத் துணியைக் கட்டிக் குச்சி செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறும் வயரும் சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தைக் குறியுங்கள், இடையில் தளர்த்தாதீர்கள். குத்தி நிற்கும் கண்ணாடித்துண்டைப் பிடுங்கவே கூடாது. ரயில், பேருந்து நிலையங்களின் முதலுதவிப் பெட்டிகளில் ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் கட்டுப்பட்டைகளை அரசு உடனே வைக்க வேண்டும்.

முதலுதவிப் பயிற்றுநர்கள், கோவை