அந்த மூன்றாம் இயலை அனுப்பிவிடு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. பாப்பாவின் மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். மற்றவற்றை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நான் இரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று மறக்காமல் கேட்கிற நீ, ஆய்வேட்டைப் பற்றி நான் வாயெடுத்தால் மட்டும் சிக்னல் சரியில்லை என்கிறாய். ஆகவேதான் கடிதம் எழுதுகிறேன்.

சித்தப்பா உன்னைச் சோம்பேறி என்று சொன்னதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்தவன் பரணை ஒழித்து, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி, என் ஓய்வூதியக் காகிதங்களை ஆண்டுவாரியாகக் கோத்து வைத்துவிட்டுப் போனாய். சோம்பேறி செய்கிற காரியமா அது? ஆனால் அத்தனை நாளும் உன் மடிக்கணினிப் பை, நீ வந்த பேருந்தின் பயணச்சீட்டு வாரில் செருகியபடியே, கட்டிலுக்கடியில் வைத்த இடத்தில் கிடந்ததையும் நான் பார்த்தேன். ஒரு வேலையிலிருந்து தப்பிப்பதற்காக மற்ற வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாயோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

அதன் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் என்பவர், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடும் பழக்கத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையவை மனம் போன போக்கில் போவதும், எடுத்ததை ஒழுங்காக முடிக்கும் பொறுப்புணர்வு குறைந்திருப்பதும்தான் என்கிறார். எதுவும் குறையில்லாமல் அமைய வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு அதில் பெரிய பங்கில்லையாம். எனக்குக் குழப்பமாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில், அடிக்கோடு சாய்ந்துவிட்டது என்று இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துக் கிழித்து எழுதியவன் நீ. உன்னிடம் பொறுப்பில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

மேலும் படித்தபோது விளங்கியது. அந்தப் பிடிவாதத்திலேயே இரண்டு வகை உண்டு. தனக்குத் தானே உயர்ந்த அளவுகோல் வைத்துக்கொண்டு உழைப்பவர்கள் வேலையைக் குறைவாகவே தள்ளிப்போடுகிறார்கள். தவறு நேர்ந்துவிடுமோ, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மருகுகிறவர்களே அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். உன்னிடம் முதல் வகையும் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். நெறியாளரின் மின்னஞ்சலைத் திறக்கவே தயங்குகிறாய் என்று பாப்பா சொன்னதைக் கேட்ட பிறகு, இரண்டாவது வகை உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. (அவளிடம் கோபித்துக்கொள்ளாதே; நான்தான் வற்புறுத்திக் கேட்டேன்.)

ஃபூஷியா சிரோயா, டிமதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013இல் எழுதியதும் இதையொட்டியதுதான்: தள்ளிப்போடுகிறவர், அந்த வேலையை நினைத்தாலே எழும் கசப்பிலிருந்து அப்போதைக்கு விடுபடவே அப்படிச் செய்கிறார். எனவே நீ புதிது புதிதாகக் கால அட்டவணை போடுவதால் பயன் இருக்காது. சுவரில் ஒட்டியிருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன்.

ஒட்டாவாவில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாள் கடத்தியதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே நாள் கடத்தினார்கள். கழிந்த ஆண்டுகளை நினைத்து உன்னையே திட்டிக்கொண்டிருக்காதே. நானும் திட்டப்போவதில்லை. ஆனாலும், உன்னோடு சேர்ந்தவர்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது இரவில் தூக்கம் வருவதில்லை என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் இயலை இப்போது இருக்கிறபடியே நெறியாளருக்கு அனுப்பு. அடிக்குறிப்புகள் முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதி அனுப்பு. அவர் சிவப்பு மையால் திருத்தினால் திருத்தட்டும். அதற்குத்தானே நெறியாளர் இருக்கிறார். திருத்தி அழகாக்கிய பிறகு அனுப்பலாம் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதே. இருக்கிறபடியே அனுப்பு.

இதை எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அனுப்பிய அன்று 'அனுப்பிவிட்டேன்' என்று எனக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டால் போதும்.

இப்படிக்கு,
அப்பா