சர்க்கரையை அளந்து வரி போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் உடல் பருமன் பற்றிப் பேச்சு எழுந்தால் பெற்றோருக்கு நாலு அறிவுரை, பள்ளியில் ஒரு விழிப்புணர்வு ஊர்வலம், அதோடு சரி. இனிப்புப் பானங்களுக்கு வரியும் உணவு விற்பனைக்குச் சட்டமும் கொண்டுவந்த நாடுகளிலும், அவற்றை எழுதிய விதத்தில் விட்ட ஓட்டைகள் பாதிப் பலனைத் தின்றுவிடுகின்றன.

குளிர்பானத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 160 கலோரி; கிராமுக்கு 4 கலோரி வீதம் 40 கிராம். 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை உள்ள பானம் 330 மில்லி குடித்தால் 35 கிராம் போய்விட்டது. குடித்த கலோரி அவ்வளவாகப் பசியை அடக்குவதும் இல்லை; அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கம்போலவே நடக்கும்.

மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ (அந்நாட்டு நாணயம்) வரி போட்டது. அந்த ஆண்டில் வரிக்குள்ளான பானங்களை மக்கள் வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. நல்லதுதான். ஆனால் லிட்டர் கணக்கில் வரி என்றால் 100 மில்லிக்கு 6 கிராம் உள்ள பானமும் 12 கிராம் உள்ள பானமும் ஒரே தொகைதான் கட்டும். சர்க்கரையைக் குறைத்து உற்பத்தியாளருக்கு என்ன லாபம்? பிரிட்டன் வேறு வழியில் போனது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழ் வரி கிடையாது. 5 முதல் 8 கிராமுக்குள் ஒரு விகிதம். 8 கிராமும் அதற்கு மேலும் கூடுதல் விகிதம். 2016 மார்ச்சில் அறிவித்து 2018 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இடைவெளியிலேயே பல நிறுவனங்கள் தயாரிப்பு முறையை மாற்றி 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. எந்த அறிவுரையும் காதில் விழாத வீட்டிலும், அதே பாட்டிலில் சர்க்கரை குறைந்தது.

அங்கும் ஓட்டை உண்டு. பால் அதிகமுள்ள பானங்களுக்கும் சர்க்கரை சேர்க்காத பழச்சாற்றுக்கும் விலக்கு கொடுத்தார்கள். பாலில் கரைத்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். குறிப்பிட்ட தொகையாகப் போடும் வரியை ஆண்டுதோறும் விலைவாசியோடு உயர்த்தும் விதியைச் சட்டத்திலேயே எழுதாவிட்டால், சில ஆண்டுகளில் அதன் கடுமை தேய்ந்துவிடும்.

அடுத்து, உணவு உறையில் பதிக்கும் எச்சரிக்கை முத்திரை. இதற்கு 2016இல் நடைமுறைக்கு வந்த சிலி நாட்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். கட்டம் கட்டமாக இறுக்கிய வரம்புகள் இறுதிக் கட்டத்தில் இவை: திட உணவு 100 கிராமில் சர்க்கரை 10 கிராம், 275 கலோரி, சோடியம் 400 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம். சர்க்கரை, சோடியம் அல்லது நிறைவுற்ற கொழுப்பு சேர்க்கப்பட்ட உணவு உரிய வரம்பைத் தாண்டினால் உறையின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம். 'ஒரு பரிமாறலுக்கு' என்று கணக்கிட விட்டிருந்தால் உற்பத்தியாளர் பரிமாறலை 20 கிராமாக்கித் தப்பியிருப்பார். முத்திரை விழுந்த பொருளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது. முத்திரை, பள்ளி விற்பனை, விளம்பரம் மூன்றுக்கும் ஒரே பட்டியல் என்பதே இதன் பலம். ஆனால் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பைக் கொட்டும் வழியை அந்தச் சட்டம் அடைக்கவில்லை. மெக்சிகோ 2020இல் அதற்கும் தனி எச்சரிக்கை வைத்தது.

குழந்தைக்கு நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் அவசியம், மறுப்பதற்கில்லை. ஆனால் விளையாட்டு வகுப்பைக் காட்டி உணவுச் சட்டத்தைத் தள்ளிப்போடுவது பழைய தந்திரம்.

இத்தனையும் பலித்ததா என்று பார்க்க அளவெடுப்பு சரியாக இருக்க வேண்டும். பல இடங்களில் பெரியவர்களுக்கான 25, 30 என்ற பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) எல்லையையே குழந்தைக்கும் வைக்கிறார்கள். எட்டு வயதில் 22 என்பது பருமன். பெரியவர் அட்டவணையிலோ அது 'இயல்பு'. 5 முதல் 19 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உலக சுகாதார நிறுவன அட்டவணையில் நடுமதிப்பிலிருந்து 1 திட்ட விலக்கத்தை (மதிப்புகள் நடுமதிப்பைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) மேல்நோக்கித் தாண்டினால் அதிக எடை, 2ஐத் தாண்டினால் பருமன். ஐந்து வயதுக்குக் கீழ் அந்த எல்லைகள் 2, 3. வயதை முடிந்த ஆண்டாக அல்லாமல் மாதக் கணக்கில் குறிக்க வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும். எடை பார்ப்பது தனியறையில் நடக்கட்டும்; அந்த எண்ணை வகுப்பில் யாரும் வாசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதார ஊட்டச்சத்துத் துறையினர் சிலர்