இன்ஜினை விடுங்கள், டேங்க்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய இன்ஜினைக் கம்ப்ரசராக மாற்றுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, எங்கள் செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்கு அடிக்கடி பையன்கள் வருகிறார்கள். பஞ்சர் கடை போட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், புது கம்ப்ரசர் வாங்கக் காசு இல்லை. சரி, நியாயம்தான். ஆனால் எல்லாரும் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். அமுக்கின காற்றைச் சேர்த்து வைக்கிற டேங்க்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, நானே செய்திருக்கிறேன். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு, ஓமலூர், தாரமங்கலம் பக்கம் கிணற்று மேட்டில் நின்ற ஆயில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகக் காயலாங்கடைக்கு வந்தன. 6 ஹெச்.பி. லிஸ்டர் மாடல் ஒன்றை இரும்பு விலைக்கு எடுத்தேன். வால்வுகளைத் தள்ளித் திறக்கிற கம்பிகளான புஷ் ராடு இரண்டையும் கழற்றி, இன்லெட் வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங் போட்டேன். பிஸ்டன் இறங்கும்போது காற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு உள்பக்கம் திறப்பது, அதன் வழியே அமுக்கின காற்றை வெளியே விட முடியாது, அதனால் அதை மூடியபடியே விட்டுவிட்டு டீசல் தெளிக்கிற நாசில் இருந்த துளையில், போன காற்று திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை வைத்தேன். அவ்வளவுதான். இன்ஜினாக இருந்தபோது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வேலை செய்தது, இப்போது ஒவ்வொரு சுற்றிலும் காற்றடித்தது. 1,430 சிசி சிலிண்டரை மோட்டார் போட்டு 300 சுற்றில் ஓட்டினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 430 லிட்டர். கைக்குக் கிடைத்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஏனென்றால் பிஸ்டன் தலைக்கு மேலே வெளியேறாமல் தங்குகிற காற்று திரும்ப விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் அந்த இடம் பெரிது, நஷ்டமும் அதிகம். (இதையே ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் இன்னும் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கம்மி.)

இப்போது டேங்க் கதை. மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று மெல்லிய தகட்டை உருட்டி, இரண்டு பக்கமும் தட்டையான வட்டத்தகடு வைத்து நானே வெல்டிங் அடித்தேன். கடையில் விற்கிற டேங்க்கின் முனை ஏன் கிண்ணம் மாதிரி குவிந்திருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஒரு பக்கத் தகடு பிய்த்துக்கொண்டு போய், டேங்க் கூரை ஆஸ்பெஸ்டாஸைக் கிழித்துப் பக்கத்துக் காலி மனையில் விழுந்தது. 40 செ.மீ. வட்டத்தகட்டை 7 கிலோ அழுத்தத்தில் (அதாவது ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 7 கிலோ) தள்ளுகிற பாரம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 9 டன். பத்து நிமிடம் முந்தி என்றால் என் தம்பி அதன் பக்கத்தில்தான் நின்றிருப்பான்.

அதனால் பையன்களுக்குச் சொல்கிறேன்: கேஸ் சிலிண்டர், டீசல் டிரம் எதையும் டேங்க்காக்க வேண்டாம். சங்ககிரிப் பக்கம் லாரி பிரிக்கும் இடங்களில் கிடைக்கிற ஏர் பிரேக் டேங்க் பரவாயில்லை, உள்ளே துரு இல்லாமல் இருந்தால். தினமும் டேங்க்கின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கிற சேஃப்டி வால்வு டேங்க்கிலேயே இருக்க வேண்டும், நடுவில் கையால் மூடுகிற கேட் வால்வு கூடாது. அப்புறம் சிலிண்டர் ஹெட்டிலிருந்து டேங்க் வரை ரப்பர் ஹோஸ் போடாதீர்கள், ஒரே மூச்சில் 7 கிலோவுக்கு அமுக்கினால் காற்று 200 டிகிரியைத் தாண்டும், ஆயில் கரி பிடித்து நெருப்பே பிடிக்கலாம்.

டேங்க்கைச் சோதிக்கப் பெரிய செலவும் இல்லை. காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கை பம்பால் ஓட்டப்போகிற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். பலவீனமாக இருந்தால் தண்ணீர் பீய்ச்சும், டேங்க் பறக்காது. ஆனால் சின்னப் பட்டறைக்காரனுக்கு இதை யார் செய்து தருகிறார்கள்? கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியோ அரசு ஐ.டி.ஐ.யோ மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தால் மாணவர்களுக்கும் பாடமாக இருக்கும். அதுவரை என்னிடம் ஒரு கை பம்பும் அழுத்தம் காட்டும் கேஜும் இருக்கின்றன, டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்.

- லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.