தேதி பார்த்து முந்திரி பூக்காது

முந்திரிக்கு மருந்தடிக்கும் அறிவுரை அனுப்பும் அதிகாரிகளுக்கு, செட்டிநாட்டு முந்திரி விவசாயிகளின் வணக்கம்.

தை பிறந்த கையோடு கைப்பேசிக்கு உங்கள் செய்தி வந்தது: தேயிலைக் கொசுப் பூச்சிக்கான இரண்டாம் மருந்துத் தெளிப்பை இந்த வாரத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். அந்த வாரம் திருமயம், அரிமளம் பக்கத்துத் தோப்புகளில் பாதி மரம் கொழுந்தே விடவில்லை. மார்கழி பாதிவரை மழை விடாமல் பிடித்துக்கொண்டது உங்களுக்கும் தெரியும். மீதி மரங்களில் சிலவற்றில் பூ விரிந்து தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே தேதி சொன்னால் நாங்கள் எந்த மரத்துக்கு அடிப்பது?

மூன்று தெளிப்பு என்பது நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். கொழுந்து விடும்போது ஒன்று, பூங்கொத்து தலைகாட்டும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று. மூன்றுமே மரத்தின் நிலையைச் சொல்கின்றன, நாளைச் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கிய காலத்தில் நிலையும் நாளும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அதனால் தேதி சொன்னாலும் பெரிய பழுது வரவில்லை. இப்போது கடலும் காற்றும் சூடேறிக் கிடக்கின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். மழை சேர்த்துவைத்துக் கொட்டுகிறது, இல்லாவிட்டால் நாள்கணக்கில் காணாமல் போகிறது. முந்திரிக்கோ மழை விட்டு மண் காய்ந்தால்தான் கொழுந்து, கொழுந்தின் நுனியில்தான் பூ. மழை ஒரு மாதம் தள்ளினால் பூவும் தள்ளும். நடுவில் ஒரு மழை பெய்தால் பூக்க வேண்டிய கிளை மறுபடி இலையாகத் தழைக்கும்.

தேதிப்படி அடித்தால் என்ன கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம். தேயிலைக் கொசு என்கிற நாவாய்ப்பூச்சி முற்றிய இலையைத் தொடாது. இளங்கொழுந்து, பூங்கொத்துக் காம்பு, பிஞ்சு, இவற்றில்தான் ஊசிபோல வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும். குத்திய இடத்தில் முதலில் கண்ணாடித்துளி போலப் பிசின் கசியும். ஓரிரு நாளில் அந்த இடம் பழுப்பாகி, நீளவாக்கில் கருங்கோடாக ஓடும். நாலைந்து குத்து ஒன்றுசேர்ந்தால் நுனியிலிருந்து கருகி இறங்கும். தூரத்தில் நின்று பார்த்தால் தோப்புக்குத் தீ வைத்தது போலிருக்கும். கொழுந்து வராத மரத்தில் தை முதல் வாரம் அடித்த மருந்து பழைய இலையில் படிந்து வீணாகிறது. மூன்று வாரம் கழித்துக் கொழுந்து வரும்போது அதில் மருந்து கிடையாது, பூச்சி இருக்கிறது. பூ விரிந்த மரத்தில் அடித்தாலோ தேனீ சாகிறது. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக்கூடிய இருபால் பூ கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் மகரந்தம் கொண்டுவர ஆளில்லாமல் போனால் கொட்டை எங்கிருந்து வரும்?

மரத்தில் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்புக்கும் இதே கதிதான். நாவாய்ப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் எறும்பு அது. வேண்டாத நாளில் அடிக்கும் மருந்து முதலில் அதைத்தான் கொல்கிறது.

மருந்தின் அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாம்டா சைஹலோத்ரின் 5 ஈ.சி. என்கிற பூச்சிமருந்து லிட்டர் தண்ணீருக்கு 0.6 மி.லி. என்றால் அதே அளவில் கலக்கிறோம். ஆனால் வளர்ந்த ஒரு மரம் நனைய 5 முதல் 10 லிட்டர் கரைசல் வேண்டும். செம்புறைக்கல் காட்டில் தண்ணீர் கிடையாது, டேங்கரில்தான் வர வேண்டும். பவர் ஸ்ப்ரேயர் வாடகை, இரண்டு ஆள் கூலி, மருந்து விலை எல்லாம் சேர்த்து ஒருமுறை வீணானால் அடுத்த முறைக்குக் கையில் காசு இருக்காது. அடிக்க வேண்டிய நாளில் அடிக்க முடியாமல் போவது இப்படித்தான். பூச்சி விழுந்த தோப்புக்காரரைப் பார்த்து "அறிவுரைப்படி அடிக்கவில்லையா?" என்று கேட்கிறீர்கள். அடித்ததால்தான் ஐயா இந்த நிலைமை.

பிந்திய பூவுக்கு வேறு ஒரு கேடும் உண்டு. மகரந்தம் சேர்ந்ததிலிருந்து கொட்டை முற்ற ஏறக்குறைய இரண்டு மாதம். தையில் பிடித்த பிஞ்சு பங்குனியில் கைக்கு வரும். மாசிக் கடைசியில் பிடித்தால் சித்திரை வெயிலில்தான் முற்ற வேண்டும். பூங்கொத்து காய்ந்து கொட்டுகிறது, தப்பிய கொட்டையும் சிறுத்துப்போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நட்ட ஒட்டுக்கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்துவிட்டன. அவற்றின் பருவம் வேறு, பக்கத்தில் நிற்கும் பழைய விதை மரங்களின் பருவம் வேறு. ஒரே வேலிக்குள் மூன்று நிலையில் மரம் நிற்கையில் மாவட்டம் முழுமைக்கும் ஒரு தேதி எப்படிப் பொருந்தும்?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. தேதியை விட்டுவிட்டு மரத்தின் நிலையைப் பார்த்து அறிவுரை சொல்லுங்கள்.

செய்முறை கடினமில்லை. ஊருக்குப் பத்து மரம், ஐந்து பழைய மரம், ஐந்து ஒட்டு. கார்த்திகை முதல் பங்குனி வரை வாரம் ஒருநாள் அவற்றை மட்டும் பார்த்தால் போதும். மரத்துக்கு நாலு பக்கமும் பக்கத்துக்கு 13 நுனி, ஆக 52 நுனி. எத்தனையில் கொழுந்து, எத்தனையில் பூங்கொத்து, எத்தனையில் பிஞ்சு, எத்தனையில் பிசின் கசிவு என்று எண்ணி எழுத வேண்டும். முந்திரி ஆராய்ச்சியில் பழகிய கணக்குதான் இது, நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பாதி நுனி கொழுந்துக்கு வந்ததும் அந்த ஊருக்கு மட்டும் முதல் செய்தி அனுப்புங்கள். பழைய மரத்துக்கும் ஒட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பூ முழுதும் விரிந்திருந்தால் "அடிக்காதீர்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாளுக்கு 9ஆம் நூற்றாண்டு தொடங்கிக் குறிப்பு இருக்கிறது. 2021இல் மார்ச் 26 அன்று பூ உச்சம் தொட்டபோது, 1,200 ஆண்டில் இத்தனை முன்னதாகப் பூத்ததில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலுக்குத் தம்பிடி பிசகாமல் பேரேடு எழுதிய ஊர்கள் நம்முடையவை. இங்கே முந்திரி பூத்த நாளுக்கு ஒரு நோட்டுகூட இல்லை. வேம்புக்கும் இல்லை. அதே நாவாய்ப்பூச்சி வேப்பங்கொழுந்தையும் கருக்குகிறது. தோப்பு ஓரத்து வேம்பைப் பார்த்தாலே அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். பருவநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் போடுகிறீர்கள், நாங்களும் வந்து உட்காருகிறோம். மரத்தைப் பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.

கோபத்தில் எழுதியது போலத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஆள் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். எண்ணிக் கொடுக்க ஊருக்கு இரண்டு பேரை நாங்களே தருகிறோம். நோட்டும், வாரம் ஒருமுறை அதை வாங்கிப் பார்த்துச் செய்தி அனுப்ப ஓர் அலுவலரும் போதும். தேதியை விட்டு மரத்தின் நிலையைப் பார்த்து அறிவுரை வர வேண்டும் என்று மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். வரும் கார்த்திகைக்கு முன் ஒருநாள் வந்து மரங்களுக்கு எண் போட்டுக் கொடுங்கள். கொழுந்து விட்ட பிறகு இன்னொரு நாள் வாருங்கள். வெயில் ஏறுமுன் வந்தால் கொழுந்தின் நுனியில் பூச்சி உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு முந்திரி விவசாயிகள்